ஒரே கேபினெட்டில் இரண்டு குரல்: கிட்டார் ஸ்பீக்கர்களைக் கலந்து பொருத்த ஒரு முழுமையான வழிகாட்டி

கிட்டார், பிக்கப், பெடல், ஆம்ப் என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தவர்கள்கூட ஸ்பீக்கரில் கை வைக்கத் தயங்குவார்கள். கம்பியின் அதிர்வு கடைசியில் காற்றாக மாறி நம் காதுக்கு வரும் இடமோ அதுதான். கிட்டார் ஸ்பீக்கர் வந்த சத்தத்தை வந்தபடி கொடுக்காது. ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே அதன் சத்தம் செங்குத்தாக இறங்கிவிடும். அதற்குக் கீழே ஓரிடத்தில் மேடு, இன்னோர் இடத்தில் பள்ளம் என்று ஒவ்வொரு மாடலுக்கும் தனி முகம் இருக்கிறது. ஆம்பில் உள்ள ட்ரெபிள், மிட் குமிழ்களைத் திருகி அந்த முகத்தை மாற்ற முடியாது. குமிழ் அகலமான ஒரு பகுதியை மொத்தமாக ஏற்றி இறக்கும். ஸ்பீக்கரின் மேடு பள்ளங்கள் குறுகலானவை.

இரண்டு வெவ்வேறு ஸ்பீக்கர்களை ஒரே பெட்டியில் வைப்பதன் பயன் இங்கேதான் தெரியும். ஒன்றில் பள்ளமாக இருக்கும் இடம் மற்றொன்றில் நிரம்பியிருந்தால், சேர்ந்து ஒலிக்கும்போது இரண்டுக்கும் தனித்தனியே இல்லாத ஒரு முழுமை வரும். இதில் என் அனுபவம் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது: ஜோடியில் ஒன்று முன்னால் நிற்க வேண்டும், மற்றது அதன் குறையை நிரப்ப வேண்டும். இரண்டுமே முன்னால் நிற்கப் பார்த்தால் இரைச்சல்தான் மிஞ்சும். யார் முன்னால், யார் பின்னால் என்பதை வாங்கும் முன்பே முடிவு செய்துவிடலாம். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

முதலில் இருப்பதைக் கேளுங்கள்

புது ஸ்பீக்கரைத் தேடுவதற்கு முன் இப்போது இருப்பதில் என்ன குறை என்று சரியாகப் பெயர் சொல்லத் தெரிய வேண்டும். 'சவுண்ட் நல்லா இல்லை' என்பது போதாது.

பெடல் எதுவும் வேண்டாம். ஆம்பின் டோன் குமிழ்களை நடுவில் வையுங்கள். பயிற்சியின்போது நீங்கள் உண்மையிலேயே வைக்கும் சத்தத்தை வையுங்கள். மெல்லிய சத்தத்தில் ஸ்பீக்கரின் குணம் வெளியே வராது. இரண்டு மீட்டர் தள்ளி நின்று மூன்று விஷயங்களை வாசியுங்கள். ஆறாவது கம்பியை உள்ளங்கையால் அமுக்கி அடித்தால் 'திம்' என்று நிற்கிறதா, 'தொம்ம்' என்று சொதசொதத்துப் பரவுகிறதா? ஆறு கம்பியிலும் ஒரு கார்டு அடித்தால் சுரங்கள் தனித்தனியாகக் கேட்கின்றனவா, ஒரே மொத்தையாக வருகிறதா? முதல் கம்பியில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே ஒரு சுரத்தை இழுத்தால் பாடுகிறதா, காதைக் குத்துகிறதா?

பதிலை ஒரே வரியில் எழுதி வையுங்கள். 'மேலே குத்துகிறது, கீழே சரி.' 'கார்டு தெளிவாக இருக்கிறது, சோலோ மெலிந்துவிடுகிறது.' அந்த ஒரு வரிதான் நீங்கள் தேடும் ஸ்பீக்கரின் விவரம். பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய், யாரோ நல்லதென்று சொன்ன ஜோடியை வாங்கி வந்து, ஏற்கெனவே இருந்த குறையை இரட்டிப்பாக்கிக்கொள்கிறார்கள்.

மூன்று எண்கள்

ஸ்பீக்கரின் விவரத்தாளில் நிறைய எண்கள் இருக்கும். கலக்கும்போது முக்கியமானவை மூன்று: ஓம் (மின்சாரத்தைத் தடுக்கும் அளவு), வாட் (தாங்கும் சக்தி), டெசிபல் (சத்தத்தின் அளவு). ஓம் தவறினால் ஆம்புக்கு ஆபத்து. வாட் தவறினால் ஸ்பீக்கருக்கு ஆபத்து. டெசிபல் தவறினால் எதுவும் எரியாது; ஆனால் கலந்ததற்கு அர்த்தமே இருக்காது. இந்த மூன்றாவதைத்தான் பெரும்பாலானோர் பார்ப்பதில்லை.

ஓம் விஷயத்தை எளிதாக முடித்துவிடலாம்: இரண்டும் ஒரே ஓமாக இருக்கட்டும். 8 ஓமோடு 8 ஓம், 16 ஓமோடு 16 ஓம். அப்போது இரண்டுக்கும் ஆம்பின் சக்தி சமமாகப் பிரியும். 8 ஓமையும் 16 ஓமையும் பக்க இணைப்பில், அதாவது ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஆம்போடு இணைத்து, சேர்த்தால் மொத்தம் 5.33 ஓம் வரும். 8 ஓம் ஸ்பீக்கர் மூன்றில் இரண்டு பங்கு சக்தியை எடுத்துக்கொள்ளும், 16 ஓமுக்கு ஒரு பங்குதான் போகும். ஒன்றின் வழியாக மற்றதற்கு மின்சாரம் போகும் தொடர் இணைப்பில் கணக்கு தலைகீழ்: 16 ஓம் இரண்டு பங்கை எடுக்கும். விவரம் தெரிந்து இதைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. முதல் முறை செய்பவருக்கு இது வேண்டாத சிக்கல்.

வாட் கணக்கில் வழக்கமாக நடக்கும் தவறு இது: 25 வாட் ஸ்பீக்கரையும் 60 வாட் ஸ்பீக்கரையும் சேர்த்தால் 85 வாட் தாங்கும் என்று நினைப்பது. சக்தி சமமாகப் பிரிவதால், 25 வாட் ஸ்பீக்கருக்கு 25 வாட் போகும்போது மற்றதற்கும் 25தான் போகும். ஆகவே அந்தப் பெட்டி தாங்குவது 50 வாட். குறைந்த எண்ணை ஸ்பீக்கர்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள், அவ்வளவுதான் கணக்கு. இன்னொன்றையும் மறக்க வேண்டாம். 50 வாட் என்று எழுதிய வால்வு ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதிலாகக் கண்ணாடிக் குழாய்களால் இயங்குவது), சத்தத்தை முழுக்கத் திருகி டிஸ்டார்ஷனில் ஓட்டும்போது 50ஐத் தாண்டியே கொடுக்கும். அதனால் 50 வாட் ஆம்பை 50 வாட் பெட்டியில் முழுச் சத்தத்தில் ஓட்ட நான் சம்மதிக்க மாட்டேன். அந்தப் பெட்டிக்கு 30 வாட் ஆம்ப் பொருத்தம்.

இனி டெசிபல். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் எவ்வளவு சத்தம் வரும் என்பதே இந்த எண். செலஸ்டியன் நிறுவனத்தின் ஸ்பீக்கர்களையே எடுத்துக்கொள்வோம். ஜி12எம் கிரீன்பேக் 25 வாட், 98 டெசிபல். விண்டேஜ் 30 என்பது பெயரில் 30 இருந்தாலும் 60 வாட் தாங்கும், 100 டெசிபல். ஜி12டி-75 என்பது 75 வாட், 97 டெசிபல். அல்னிகோ என்ற உலோகக் கலவைக் காந்தம் கொண்ட புளூ 15 வாட்தான் தாங்கும், ஆனால் 100 டெசிபல். தாங்கும் வாட்டுக்கும் சத்தத்துக்கும் தொடர்பே இல்லை என்பதை இந்த வரிசையே காட்டிவிடும். 75 வாட் தாங்குவது 15 வாட் தாங்குவதைவிட மெதுவாகத்தான் ஒலிக்கிறது.

3 டெசிபல் வித்தியாசம் என்றால், சத்தம் குறைந்த ஸ்பீக்கருக்கு இரண்டு மடங்கு சக்தி கொடுத்தால்தான் மற்றதை எட்டும். நீங்களோ இரண்டுக்கும் சமமாகக் கொடுக்கிறீர்கள். ஆகவே வித்தியாசம் 2 டெசிபலுக்குள் இருந்தால் நல்ல கலவை. 3 வரை போகலாம். அங்கே ஒன்று முன்னால், மற்றது பின்னால் என்று தெளிவாகப் பிரியும். அதற்கு மேலே போனால், பணம் கொடுத்து வாங்கிய இரண்டாவது ஸ்பீக்கர் பெட்டிக்குள் எடைக்காக உட்கார்ந்திருக்கும்.

ஒரு நுணுக்கம். விவரத்தாளில் உள்ள டெசிபல் எண் ஒரு சராசரி. நம் காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் மிகக் கூர்மையானது. அந்தப் பகுதியில் மேடு உள்ள ஸ்பீக்கர், எண் ஒன்றாகவே இருந்தாலும் மற்றதைவிடச் சத்தமாகத் தோன்றும். விண்டேஜ் 30 அப்படிப்பட்டது. மேல் மிட்டில், அதாவது நடு அதிர்வெண்களின் மேற்பகுதியில், அதற்கு ஒரு துருத்தல் உண்டு. அதனால்தான் அது எந்த ஜோடியிலும் தானாகவே முன்னால் வந்து நிற்கிறது.

ஜோடி சேர்ப்பது

தொழிற்சாலையிலிருந்தே கலவையாக வந்த ஆம்புகள் உண்டு. 1960களின் புகழ்பெற்ற வாக்ஸ் ஏசி30 ஆம்ப் இரண்டு ஒரே மாதிரி ஸ்பீக்கர்களோடு, இரண்டு 15 வாட் புளூவோடு, வந்தது. அந்தச் சத்தத்தை அடியொற்றிப் பின்னாளில் எழுந்த மேட்ச்லெஸ் டிசி-30 ஆம்பில் ஒரு ஜி12எம், ஒரு ஜி12எச் என்று கலந்து வைத்தார்கள். இரண்டும் ஒரே குடும்பம்தான். ஜி12எம்மின் காந்தம் சிறியது. சுரத்தின் நடுவில் கொஞ்சம் கரகரப்பு, ஓரங்களில் மென்மை. ஜி12எச்சின் காந்தம் கனமானது. அடிப்பகுதி இறுக்கமாகவும் மேல்பகுதி தெளிவாகவும் இருக்கும். உடன்பிறந்தவர்கள் சேர்ந்து பாடுவதுபோல, குரல் ஒட்டும், ஆனால் ஒன்றாகிவிடாது. முதல் முறை கலப்பவருக்கு நான் சொல்வது இந்த மாதிரி நெருங்கிய உறவு உள்ள ஜோடிதான்.

விண்டேஜ் 30ஐயும் கிரீன்பேக்கையும் சேர்ப்பது இன்னொரு பழகிய வழி. விண்டேஜ் 30 மட்டும் இரண்டு இருந்தால் மேல் மிட் இரட்டிப்பாகி, சிறிய அறையில் அரை மணி நேரத்தில் காது களைத்துவிடும். ஒன்றை எடுத்துவிட்டுக் கிரீன்பேக்கை வைத்தால் அந்தத் துருத்தல் மட்டுப்படும். கிரீன்பேக்குக்கு இல்லாத இறுக்கத்தை விண்டேஜ் 30 கொடுக்கும். 98க்கும் 100க்கும் 2 டெசிபல்தான் இடைவெளி. வாட்டில் மட்டும் கவனம்: பெட்டி 50 வாட்தான் தாங்கும். பெரிய ஆம்ப் வைத்திருப்பவர் கிரீன்பேக்குக்குப் பதிலாக, அதே சாயலில் 65 வாட் தாங்கும் ஜி12எம்-65 கிரீம்பேக்கை வைக்கலாம்.

நான்கு ஸ்பீக்கர் பெட்டியில் விண்டேஜ் 30 இரண்டு, ஜி12டி-75 இரண்டு என்று குறுக்காக வைப்பதும் பரவலாக உள்ள வழக்கம். டி-75இன் குணம் நடுவில் உள்வாங்கி, கீழேயும் மேலேயும் நிமிர்ந்திருப்பது. அது மட்டும் இருந்தால் குழுவுக்குள் காணாமல் போய்விடும். விண்டேஜ் 30 அந்த நடுவை நிரப்புகிறது. 3 டெசிபல் இடைவெளியில் விண்டேஜ் 30 முன்னால் நிற்கும், டி-75 அடியைத் தாங்கும்.

தவிர்க்க வேண்டியதும் இதிலிருந்தே புரியும். ஒரே இடத்தில் மேடுள்ள இரண்டு ஸ்பீக்கர்களைச் சேர்க்க வேண்டாம். தயாரிப்பாளர்கள் வெளியிடும் அதிர்வெண் வரைபடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; முழுக் கதையும் அதில் இருக்காது, ஆனால் இரண்டு மேடும் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

பழைய ஸ்பீக்கரோடு புதியதைச் சேர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் புது ஸ்பீக்கரில் அசைந்து சத்தம் எழுப்பும் காகிதக் கூம்பான கோனைச் சுற்றியுள்ள மடிப்பு முதலில் விறைப்பாக இருக்கும். வாசிக்க வாசிக்கத்தான் இளகும். முதல் நாளில் வறட்டுத்தனமாகக் கேட்டது சில வாரங்களில் பதத்துக்கு வந்துவிடும். முதல் வாரத்திலேயே தீர்ப்பு எழுத வேண்டாம்.

10 அங்குலத்தையும் 12 அங்குலத்தையும் கலப்பதும் உண்டு. 10 அங்குலம் சட்டென்று பதில் சொல்லும், 12 அங்குலம் உடம்பைக் கொடுக்கும். விதிகள் அதே மூன்று எண்கள்தான்.

தொடரா, பக்கமா

இரண்டு ஸ்பீக்கர் பெட்டியில் இரண்டு வழிகள். பக்க இணைப்பில் இரண்டு 8 ஓம் சேர்ந்து 4 ஓம். இரண்டு 16 ஓம் சேர்ந்து 8 ஓம். தொடர் இணைப்பில் இரண்டு 8 ஓம் சேர்ந்து 16 ஓம். நான்கு ஸ்பீக்கர் பெட்டியில் இரண்டையும் கலந்து இணைப்பார்கள்; அப்போது நான்கு 8 ஓம் சேர்ந்து 8 ஓமாகவே வரும், நான்கு 16 ஓம் சேர்ந்து 16 ஓம் வரும்.

ஆம்ப் எதைக் கேட்கிறது என்று அதன் பின்பக்கத்தில் பாருங்கள். டிரான்சிஸ்டர் ஆம்பில் 'குறைந்தபட்சம் இத்தனை ஓம்' என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே போகக் கூடாது. மேலே போனால் சக்தி குறையும், வேறு கெடுதல் இல்லை. வால்வு ஆம்ப் வேறு ரகம். அதன் உள்ளே ஒரு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. 4, 8, 16 என்ற தேர்வைப் பெட்டியின் ஓமோடு பொருத்த வேண்டும். ஸ்பீக்கரே இல்லாமல் வால்வு ஆம்பை வாசிப்பது எந்த நிலையிலும் கூடாது. போக வழியில்லாத சக்தி உயர் மின்னழுத்தமாகத் திரும்பி வந்து டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றையோ வால்வு சாக்கெட்டையோ எரித்துவிடும்.

ஒரே மாதிரி ஸ்பீக்கர்கள் என்றால் இரண்டு இணைப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கலக்கும்போது உண்டு. ஸ்பீக்கரின் ஓம் ஒரே நிலையில் நிற்பதில்லை. 8 ஓம் என்பது பெயருக்குத்தான். 75 ஹெர்ட்ஸை ஒட்டிய அதன் இயல்பான அதிர்வில் அது பல மடங்கு ஏறும், மேல் அதிர்வெண்களிலும் மெல்ல ஏறிக்கொண்டே போகும். பக்க இணைப்பில் இரண்டுக்கும் ஒரே மின்னழுத்தம் கிடைப்பதால் ஒன்றின் ஏற்ற இறக்கம் மற்றதன் பங்கை நேரடியாகத் தொடாது. தொடர் இணைப்பில் ஒன்றின் வழியாகத்தான் மற்றதற்கு மின்சாரம் போக வேண்டும். ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எதன் ஓம் அதிகமோ அது அந்தச் சுரத்தில் அதிகப் பங்கை இழுத்துக்கொள்ளும். சத்தம் கொஞ்சம் தளர்வாக, இரண்டும் பின்னிக்கொண்டதுபோல இருக்கும். சிலருக்கு அது பிடிக்கும். எனக்கு இரண்டு குரலும் தெளிவாகக் கேட்க வேண்டும், அதனால் பக்க இணைப்பையே விரும்புகிறேன். இன்னொரு நன்மையும் இருக்கிறது: ஒரு ஸ்பீக்கர் அறுந்துபோனாலும் மற்றது ஒலிக்கும். தொடர் இணைப்பில் ஒன்று அறுந்தால் பெட்டி முழுக்க ஊமையாகிவிடும். வால்வு ஆம்புக்கு அது ஸ்பீக்கர் இல்லாமல் ஓடுவதற்குச் சமம்.

நான்கு ஸ்பீக்கர் பெட்டியில் கலப்பதாக இருந்தால், ஒரே வகை இரண்டையும் தொடரில் கட்டுங்கள். மற்ற வகை இரண்டையும் அப்படியே தொடரில் கட்டுங்கள். பிறகு இரண்டு ஜோடிகளையும் பக்க இணைப்பில் சேருங்கள். அப்போது தொடருக்குள் ஒத்த குணம் உள்ளவையே இருப்பதால் பங்கு சீராகப் பிரியும். பெட்டிக்குள் அவை எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. கம்பி எங்கு வேண்டுமானாலும் போகும்.

பெட்டியைத் திறந்தபின்

ஆம்பை அணைத்து, மின்செருகியை எடுத்து, ஸ்பீக்கர் கேபிளையும் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் உள்ள காம்போவாக இருந்தால் ஆம்பின் உள்பகுதியில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அணைத்த பிறகும் வால்வு ஆம்பின் கெப்பாசிட்டர்களில் ஆளைத் தூக்கிப்போடும் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

பழைய இணைப்பைக் கழற்றும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நிறக் கம்பி எந்த முனைக்குப் போகிறது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். பெட்டியை முகம் கீழாகப் படுக்க வைத்து வேலை செய்தால் ஸ்பீக்கர் நழுவி விழாது. பின்பக்கமிருந்து பொருத்தும் பெட்டியா, முன்பக்கமிருந்தா என்று பாருங்கள். கனமான காந்தமுள்ள ஸ்பீக்கர் என்றால் அதன் ஆழம் பெட்டிக்குள் அடங்குமா என்று முன்பே அளந்துகொள்ளுங்கள்.

ஸ்க்ரூவை இறுக்கும்போது ஒரு கை ஸ்க்ரூடிரைவரின் நுனியைச் சுற்றி அணைகட்டியதுபோல இருக்கட்டும். நழுவிய ஸ்க்ரூடிரைவர் காகிதக் கோனைக் கிழித்துக்கொண்டு போக ஒரு நொடி போதும். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டாம். எல்லாவற்றையும் விரலால் திருகி நிறுத்திவிட்டு, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அளவுக்கு மேல் இறுக்கினால் ஸ்பீக்கரின் சட்டம் வளைந்து, கோனை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் காந்தத்தில் உரச ஆரம்பிக்கும். பொருத்தி முடித்ததும் இரண்டு கைகளின் விரல்களையும் கோனின் நடுவைச் சுற்றிச் சமமாக வைத்து மெதுவாக அழுத்தி விடுங்கள். சத்தமில்லாமல் போய்வர வேண்டும். மணல் உரசுவதுபோல லேசாகக் கேட்டாலும் ஸ்க்ரூவைத் தளர்த்திப் பாருங்கள்.

உள்ளே இடுவதற்கு ஸ்பீக்கர் கம்பிதான் வேண்டும். கிட்டாரிலிருந்து ஆம்புக்கு வரும் மெல்லிய கேபிளை வெட்டிப் போடக் கூடாது. அது அந்த மின்னோட்டத்துக்காகச் செய்யப்பட்டது அல்ல. முனையில் செருகும் கிளிப் தளர்வாக இருந்தால் இடுக்கியால் லேசாக அமுக்கி இறுக்குங்கள். சால்டர் வைப்பதென்றால் சூட்டை நீண்ட நேரம் வைத்திருக்க வேண்டாம். முனையிலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் கம்பி பாதிக்கப்படும்.

எதை எங்கே வைப்பது? நான்கு ஸ்பீக்கர் பெட்டியில் ஒரே வகை இரண்டும் குறுக்கே எதிரெதிர் மூலைகளில் வரட்டும். மேலே ஒரு வகை, கீழே ஒரு வகை என்று வைத்தால், நின்று கேட்பவருக்கு ஒரு சத்தமும் உட்கார்ந்து கேட்பவருக்கு வேறு சத்தமும் போகும். நிமிர்த்தி வைக்கும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டியில் முன்னால் நிற்கும் குரலை மேலே வையுங்கள். உயர் அதிர்வெண்கள் டார்ச் வெளிச்சம்போல நேராகப் போகும். அவை முழங்காலில் மோதினால் வாசிப்பவருக்குப் பயனில்லை. கீழே இருப்பது தரையின் துணையோடு அடிச்சுரத்தைத் தாங்கிக்கொள்ளும்.

போலாரிட்டி

இந்த இடத்தில் நிதானமாக இருங்கள். இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரே நேரத்தில் முன்னால் வர வேண்டும், ஒரே நேரத்தில் பின்னால் போக வேண்டும். ஒன்றின் கம்பிகள் மாறியிருந்தால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். முதலில் பலியாவது அடிச்சுரம்.

எனக்கு இது நடந்தது. ஒரு விண்டேஜ் 30, ஒரு கிரீன்பேக் போட்டுப் பெட்டியை மூடி, ஆசையாக வாசித்தால் சத்தம் வெளுத்துப்போயிருந்தது. ஆறாவது கம்பிக்கு உடம்பே இல்லை. புது ஸ்பீக்கர் இளக வேண்டும் என்று இரண்டு வாரம் பொறுத்தேன். பிறகு கிட்டார் கம்பிகளை மாற்றினேன், வால்வுகளை மாற்றினேன். ஒருநாள் பெட்டியின் ஒரு பக்கமாக நடந்துபோனபோது ஒரு ஸ்பீக்கருக்கு நேரே சத்தம் திடீரென்று தடித்தது. நடுவுக்கு வந்ததும் மெலிந்தது. அப்போதுதான் பொறி தட்டியது. பின்பலகையைக் கழற்றிப் பார்த்தால், ஜாக்கில் முன்பு யாரோ சால்டர் வைத்த கம்பிகளில் ஒரு ஜோடி நிறம் மாறி இருந்தது. சிவப்பை சிவப்பில் செருகிய நான், அந்தச் சிவப்பு எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்க்கவில்லை. ஒரு முனையை மாற்றிச் செருகியதும் அறையின் தரை அதிர்ந்தது. அன்றிலிருந்து நிறத்தை நம்புவதில்லை.

நம்ப வேண்டியது பேட்டரியை. 9 வோல்ட் பேட்டரி ஒன்று போதும். ஸ்பீக்கரில் வேறு எதுவும் இணைத்திருக்கக் கூடாது. பேட்டரியின் பாஸிட்டிவை ஸ்பீக்கரின் பாஸிட்டிவிலும் நெகட்டிவை நெகட்டிவிலும் ஒரு நொடி மட்டும் தொட்டு எடுங்கள். 'டப்' என்ற சத்தத்தோடு கோன் முன்னால் வரும். விரல் நுனியைக் கோனின் மேல் லேசாக வைத்திருந்தால் கண்ணைவிட நன்றாகத் தெரியும். பின்னால் போனால் அந்த ஸ்பீக்கரின் குறி நேர்மாறானது என்று பொருள். இது கற்பனையான சந்தேகம் அல்ல: பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்களில் சிவப்பு முனைக்குப் பாஸிட்டிவ் கொடுத்தால் கோன் உள்ளே போகும், அந்த நிறுவனத்தின் அன்றைய முறையே அதுதான். வேறு வேறு நிறுவனங்களின் ஸ்பீக்கர்களைக் கலப்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்யாமல் பெட்டியை மூடவே கூடாது.

எல்லாவற்றையும் இணைத்த பிறகு, ஜாக்கில் ஒரு ஸ்பீக்கர் கேபிளைச் செருகி, அதன் மறுமுனையில் பேட்டரியைத் தொட்டு மறுபடி பாருங்கள். எல்லாக் கோன்களும் ஒரே பக்கம் நகர வேண்டும்.

மீட்டர் சொல்லட்டும்

ஆம்பை இணைக்கும் முன் அதே கேபிளின் மறுமுனையில் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து அளந்துகொள்ளுங்கள். மீட்டர் காட்டுவது நேர்மின்னோட்டத்துக்கான தடை. அது பெயரளவு ஓமைவிடக் குறைவாகத்தான் இருக்கும். 4 ஓம் பெட்டி 3 முதல் 3.5 வரையும், 8 ஓம் பெட்டி 6 முதல் 7 வரையும், 16 ஓம் பெட்டி 12 அல்லது 13 வரையும் காட்டும். நீங்கள் கணக்குப் போட்டது 8 ஓம், மீட்டர் காட்டுவது 3 என்றால் இணைப்பு தவறு. எதுவுமே காட்டவில்லை என்றால் எங்கோ கம்பி விட்டிருக்கிறது. பூஜ்யம் என்றால் இரண்டு முனைகளும் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கின்றன. மூன்றில் எதுவாக இருந்தாலும் அதைச் சரிசெய்யும்வரை ஆம்பைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள்.

காதால் சோதிப்பது

முதல் படியில் எழுதிய அந்த ஒரு வரியை எடுத்து வைத்துக்கொண்டு, அதே மூன்று விஷயங்களை அதே சத்தத்தில் வாசியுங்கள். பெட்டிக்கு நேராக நடுவில் நில்லுங்கள். பிறகு இடம், வலம், அறையின் மூலை என்று நகருங்கள். இரண்டு ஸ்பீக்கர்களிலிருந்து வரும் சத்தம் வெவ்வேறு தூரம் கடந்து காதுக்கு வருவதால், இடம் மாறும்போது சில அதிர்வெண்கள் கூடும், சில குறையும். ஒரே மாதிரி ஸ்பீக்கரிலும் இது உண்டு. கலவையில் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். ஆகவே ஓரிடத்தில் நின்று கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

இரண்டாவது ஸ்பீக்கர் உண்மையில் என்ன செய்கிறது என்று தெரிய அதைக் கழற்றிவிட்டுக் கேட்கலாம். ஆம்பை அணைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். பக்க இணைப்பில் ஒன்றைக் கழற்றினால் ஓம் இரண்டு மடங்காகும். 4 ஓம் பெட்டி 8 ஓம் ஆகிவிடும், வால்வு ஆம்பில் தேர்வை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு ஸ்பீக்கரே எல்லாச் சக்தியையும் தாங்க வேண்டியிருப்பதால் சத்தத்தைக் குறைத்தே வையுங்கள். இப்படி ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்டுவிட்டு இரண்டையும் சேர்த்துக் கேட்டால், எந்தக் குரல் எங்கே வருகிறது என்று காதுக்கே பிடிபட்டுவிடும்.

கலவை பொருந்தவில்லை என்றால் அவசரப்பட்டு ஸ்பீக்கரை விற்க வேண்டாம். மேல், கீழ் இடங்களை மாற்றிப் பாருங்கள். பின்பலகை மூடிய பெட்டி என்றால், பலகையின் ஒரு பகுதியைத் திறந்து வைத்துப் பாருங்கள். அடிச்சுரம் தளர்ந்து சத்தம் அறையெங்கும் விரியும், குத்தலும் குறையும். மூடிய பெட்டியில் இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரே காற்றைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதால் ஒன்றின் அசைவு மற்றதையும் தள்ளும். திறந்தால் அந்தப் பிடி விட்டுவிடும்.

கடைசியாகக் குழுவோடு வாசித்துப் பாருங்கள். தனியாக வாசிக்கும்போது கொஞ்சம் மூக்கால் பேசுவதுபோல இருந்த மிட்தான் டிரம்ஸுக்கும் பேஸ் கிட்டாருக்கும் நடுவே உங்களைத் தூக்கி நிறுத்தும்.

மைக் வைக்கும்போது

மேடையிலோ ஒலிப்பதிவிலோ ஒரு மைக்கை ஒரு ஸ்பீக்கரின் முகத்தருகே வைத்தால், அது கேட்பது அந்த ஒரு ஸ்பீக்கரைத்தான். நீங்கள் பாடுபட்டுச் செய்த கலவை கேட்பவரிடம் போய்ச் சேராது. இதைத் தெரிந்துகொண்டால் வசதியாகவும் பயன்படுத்தலாம்: கார்டுக்கு ஒரு ஸ்பீக்கர், சோலோவுக்கு மற்றொன்று என்று ஒரே பெட்டியில் இரண்டு சத்தம் கையில் இருக்கிறது. கலவையே வேண்டுமென்றால் இரண்டு மைக் வையுங்கள். ஒரே மாடலாக இருந்தால் நல்லது, இரண்டு ஷூர் எஸ்எம்57 போதும். இரண்டும் ஸ்பீக்கரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கட்டும். மிக்ஸரில் ஒன்றின் அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தானை மாற்றிப் பாருங்கள். எந்த நிலையில் அடிச்சுரம் தடிக்கிறதோ அதுவே சரியான நிலை.

மேடைக்குப் போகும் பெட்டி என்றால், எந்த ஸ்பீக்கர் எந்தப் பக்கம் என்று முன்துணியின் ஓரத்தில் சிறிய டேப் ஒட்டிக் குறித்து வையுங்கள். துணிக்குப் பின்னால் இருப்பது ஒலிப்பதிவாளருக்குத் தெரியாது. பின்பலகையை மூடும் முன் உள்பக்கத்திலும் ஒரு தாள் ஒட்டுங்கள்: ஸ்பீக்கர் மாடல்கள், ஒவ்வொன்றின் ஓம், மொத்த ஓம், மீட்டர் காட்டிய எண், தாங்கும் வாட், எந்த நிறக் கம்பி பாஸிட்டிவ், பொருத்திய தேதி. சில வருஷங்கள் கழித்து அந்தப் பலகையைக் கழற்றுகிறவர் நீங்களாகவே இருந்தாலும், அந்தத் தாள் இல்லாவிட்டால் மறுபடி பேட்டரியை எடுத்துக்கொண்டு முதலிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.